இரவுப் பானமும் இல்லற விரதமும்



அண்மைக் காலமாக நம் இல்லங்கள் சிலவற்றில் காப்பிக்கும் தேநீருக்கும் மாற்றாக மூலிகைப் பழத் தேநீர் இடம்பெற்று வருகின்றது. தேநீர் என்பது பெயரளவே. அதில் தேயிலை இல்லை. உலர்ந்த சிவப்புப் புளிச்சையின் புல்லிதழ், எலுமிச்சைப் புல், ஆப்பிள் துண்டு, ஆரஞ்சுத் தோல் போன்றவற்றைக் கலந்து வெந்நீரில் ஊறவைத்து வடித்துப் பருகுகின்றனர். காபீன் அற்றது, இயற்கை வேளாண்மையில் விளைந்தது, உறங்கச் செல்லுமுன் பருக ஏற்றது என்னும் மூன்று சொற்கள் அதன் உறைகளில் பெரும்பாலும் காணப்படுகின்றன. இம்மூன்றையும் அறநோக்கில் ஆராய்வது நம் கடமையாகும்.

முதலாவது, காபீன். மூளையில் சோர்வை உணர்த்தும் அடினோசின் என்னும் பொருளின் செயலை அது தடுக்கின்றது. அதனால் உறக்கம் விலகுகின்றது. பருகியதில் பாதியளவு உடலிலிருந்து நீங்கவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். நாள்தோறும் பருகிப் பழகியவர் ஒருநாள் விட்டால் தலைவலியும் எரிச்சலும் கொள்வதை நாம் கண்டிருக்கின்றோம். ஒரு கோப்பைப் பானம் கிடைக்காமையால் மனம் கலங்கிச் சினம் எழுமாயின், அங்கே ஆள்பவர் நாமல்லர். பானமே நம்மை ஆள்கின்றது. அவ்வடிமைத்தனத்திலிருந்து விலக இம்மாற்றுப் பானம் துணை செய்யுமாயின் அது நன்றே. ஆயினும் மூலிகை என்ற பெயர் கொண்டவை யாவும் காபீன் அற்றவை அல்ல. தென்னமெரிக்காவின் மாட்டே இலையில் காபீன் உண்டு. காபீன் நீக்கப்பட்ட தேயிலையிலும் சிறிதளவு எஞ்சி நிற்கும்.

இரண்டாவது, இயற்கை வேளாண்மை. செயற்கைப் பூச்சிக்கொல்லியைத் தவிர்த்து விளைவித்தல் அகிம்சைக்கு அணுக்கமான செயலே. எனினும் பல நாடுகளின் இயற்கை வேளாண் விதிகள் எலும்புத் தூளையும் இரத்தத் தூளையும் எருவாக இட இசைவளிக்கின்றன. ஆகவே அச்சொல்லை அகிம்சையின் முத்திரையாகக் கொள்ளல் ஆகாது. கலந்துள்ள பொருள்களையும் நோக்க வேண்டும். கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் விடுதல் சிராவகரின் அடிப்படை ஒழுக்கம். ஆல், அரசு, அத்தி முதலிய ஐவகைப் பழங்களையும் நம் ஆசாரியர்கள் விலக்கினர். பழக்கலவையில் உலர் அத்தியோ, இனிப்பிற்காகத் தேனோ சேர்ந்திருப்பின் அப்பானம் நமக்குரியதன்று. சிவந்த நிறம் புளிச்சையால் வந்ததாயின் குற்றமில்லை. ஆனால் உணவுப் பொருள்களுக்குச் செந்நிறம் ஊட்டும் கார்மைன் என்பது பூச்சிகளைக் கொன்று எடுக்கப்படுவது. உறையில் அப்பெயரோ 120 என்னும் எண்ணோ இருப்பின் விலக்குக. பானத்திற்கு எடுக்கும் நீரை வடிகட்டியே கொதிக்க வைத்தல் வேண்டும் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

மூன்றாவது சொல்லே நம்மை மிகவும் எண்ண வைப்பது. உறங்கச் செல்லுமுன் பருகுக என்கின்றது உறை; பொழுது சாயுமுன் உண்டு முடிக்க என்கின்றது அறம். உணவு நால்வகைப்படும்: உண்பன, பருகுவன, தின்பன, நக்குவன. சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில், இரவுணவு துறந்த சிராவகர் இந்நான்கையும் இரவில் விலக்குபவர் என்று கூறப்படுகின்றது. சோற்றை விட்டோம், பானம்தானே என்பார்க்கு அங்கே இடமில்லை. பொழுது சாய்ந்தபின் சோறுண்ணாத குடும்பங்களிலும் இரவு 9 மணிக்கு ஒரு கோப்பை தேநீர் நுழைந்துவிட்டதை நாம் அறிவோம். உறக்கத்தைக் கெடுக்கும் என்ற அச்சமாவது இதுவரை சிலரைத் தடுத்து வந்தது. காபீன் அற்ற பானம் அந்தச் சிறு தடையையும் நீக்கிவிடுகின்றது. உடலுக்குத் தீங்கற்றது என்பதனாலேயே ஒன்று விரதத்திற்கு உகந்ததாகிவிடாது. இவ்வாறே அட்டமி, சதுர்த்தசி நாள்களில் முழு உபவாசம் ஏற்றவர், மூலிகைதானே என்று இதனைப் பருகுதலும் தகாது.

பொருளை மாற்றுதல் வேறு. பற்றை விடுதல் வேறு. காப்பிக்காக ஏங்கிய மனம் பழத் தேநீருக்காக ஏங்குமாயின், மாறியது கோப்பையில் உள்ள நீரே, மனம் மாறவில்லை. இதற்காகவே போகோபபோக பரிமாணம் என்னும் விரதத்தை ஆசாரியர்கள் வகுத்தனர். உணவு, பானம், மலர் போல ஒருமுறை துய்த்தவுடன் கழிவன போகம். உடை, அணி போல மீண்டும் மீண்டும் துய்ப்பன உபபோகம். இவற்றுக்கு நாமே அளவு வகுத்துக்கொள்ளல் வேண்டும். வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது யமம். காலவரையறையுடன் ஏற்பது நியமம். ஒரு நாள், ஒரு பட்சம், ஒரு திங்கள் என எளியோரும் தொடங்குதற்கு ஏற்ற வழி இதுவேயாகும்.

ஆதலின் அன்பர்களே! இப்பானத்தை விரும்புவோர் உறையை முழுதும் படித்துத் தெளிக. நாளொன்றுக்கு இத்தனை கோப்பை என்று அளவு கொள்க. கதிரவன் மறையுமுன் பருகி முடிக்க. பிள்ளைகளிடமும் இதன் காரணத்தை எடுத்துரைக்க. காரணம் அறியாத கட்டுப்பாடு ஊரைவிட்டு வெளியூர் சென்றதும் நழுவிவிடும். ஒரு திங்கள் அளவேனும் இந்நியமத்தைக் குடும்பத்தோடு ஏற்று நோக்குவோமாக. மாலைக் கோப்பை இன்றியும் மனம் அமைதியுற்றிருக்கும் நாளே, நம் விரதம் வேரூன்றிய நாளாகும்.

அருகன் திருவடி வாழ்க! அகிம்சை அறம் வெல்க!