ஆளில்லா ஹெலிகாப்டருக்கு யார் சத்தியம் செய்வது?

2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சினில், 19,600 அடி உயரத்துச் சோனம் காவல் நிலை மீது பனிச்சுவர் சரிந்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆவது பட்டாலியன்காரர்கள் 10 பேர் புதைந்தார்கள். அதில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாள் கழித்து ஒருவரை மட்டும் உயிரோடு எடுத்தார்கள். தில்லி மருத்துவமனையில் அவரும் 11ஆம் தேதி போய்விட்டார்.

1984 ஏப்ரலிலிருந்து ராணுவம் நிற்கும் அந்த மலையில் குண்டுக்குப் பலியானவர்களைவிடக் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் பலியானவர்களே அதிகம். உச்சி நிலைகளில் இருப்பவர்களுக்கு உணவும் மண்ணெண்ணெயும் கொண்டுபோவது சீட்டா ஹெலிகாப்டர். 6,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பாதிதான். விசிறி எவ்வளவு சுழன்றாலும் பிடிமானம் போதாது. அதனால் உயரம் ஏற ஏறச் சுமையைக் குறைக்க வேண்டும். சில கேன் மண்ணெண்ணெயே பெரிய சரக்கு. விசிறியை நிறுத்தாமலே அதை இறக்கிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

சீட்டாவுக்கு வயதாகிவிட்டது. மாற்றாக அரசின் விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல். செய்த இலகுரக ஹெலிகாப்டர் 2016 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்தது. 2020இல் இமயத்து உயரங்களில் சோதித்தார்கள். அடுத்த யோசனை, விமானியே இல்லாமல் அனுப்புவது. அமெரிக்கர்கள் 2011 டிசம்பரிலேயே ஆப்கானிஸ்தானில் ஆளில்லாத கே-மேக்ஸ் ஹெலிகாப்டரில் சரக்கு அனுப்பினார்கள். 2013இல் ஒன்று விழுந்து நொறுங்கியது. யாருக்கும் காயமில்லை.

நல்லதுதானே? நல்லதுதான். உயிரைப் பணயம் வைத்தால்தான் சேவை என்பவர்கள் ஒருமுறை அந்தக் குளிரில் நின்று பார்க்கட்டும். ஆனால் இன்னொரு வாதத்தை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. பலனில் பற்றில்லாமல் கடமையைச் செய்யச் சொல்கிறது கீதை. அப்படியானால் களைப்போ புகழாசையோ இல்லாத இயந்திரம்தானே முழுமையான கர்மயோகி? இல்லை. பற்று உள்ளவனுக்குத்தான் துறவு. எதையும் விரும்பத் தெரியாத ஒன்று எதைத் துறக்கும்? வினை அதைச் சேராது, அனுப்பியவரைத்தான் சேரும்.

சியாச்சின் அடிவாரத்தில் 'ஓபி பாபா' கோயில் இருக்கிறது. காவல் நிலையில் தனியாக நின்று மறைந்ததாகச் சொல்லப்படும் ஓம் பிரகாஷ் என்ற சிப்பாய்தான் அங்கே தெய்வம். மேலே போகும் படையினர் அவரிடம் சொல்லிக்கொண்டு போகிறார்கள். இறங்கியதும் வந்துவிட்டோம் என்று ஆஜராகிறார்கள். நம்மைக் கணக்கில் வைத்திருக்க ஒருவர் உண்டு என்கிற நம்பிக்கை அது.

திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல. அர்த்தநாரீசுவரர் மலைக்கு ஏறும் வழியில், பாறையில் செதுக்கிய 60 அடி நாகத்தின் மேல் பக்தர்கள் மஞ்சளும் குங்குமமும் தூவிக்கொண்டே போவார்கள். அதே வழியில்தான் அறுபதாம்படி. கொடுக்கல் வாங்கல் தகராறு முற்றினால் 'படியில் வந்து சத்தியம் பண்ணு' என்பது ஊர் வழக்கம். பொய் சொன்னால் தனக்கும் குடும்பத்துக்கும் ஆகாது என்று பயப்படுகிற ஆள்தான் அங்கே நிற்க முடியும். சாஃப்ட்வேரை ஏற்றி நிறுத்த முடியாது.

இந்த ஊர் இயந்திரத்துக்கு எதிரி என்று யாரும் சொல்ல முடியாது. இங்கிருந்து போகும் ரிக் வண்டிகள் இந்தியா முழுக்க போர்வெல் போடுகின்றன. மூடாமல் விட்ட குழிகளில் குழந்தைகள் விழுந்து இறந்த பிறகு, 2010இல் உச்ச நீதிமன்றம் ஒரு விதி வைத்தது: குழி தோண்டும் இடத்தில் நில உரிமையாளர் பெயரும் ரிக் நிறுவனத்தின் பெயரும் முகவரியோடு பலகையில் இருக்க வேண்டும். எவ்வளவு ஆழம் தோண்டினாலும் அதற்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் அந்தப் பலகையின் பொருள்.

ராணுவம் ஆளில்லா ஹெலிகாப்டர்களை வாங்கட்டும், சீக்கிரமே வாங்கட்டும். பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சேலமும் இருக்கிறது. உதிரிபாகம் நம் பக்கத்திலேயே தயாராகலாம். ஆனால் சரக்கு போய்ச் சேராமல் ஒரு சிப்பாய் உறைந்துபோனால், 'சிக்னல் கிடைக்கவில்லை' என்று கோப்பை மூடிவிடக் கூடாது. ஒவ்வொரு பறப்புக்கும் அனுப்பும் அதிகாரியின் பெயரும் செய்துகொடுத்த நிறுவனத்தின் பெயரும் கிளம்பும் முன்பே பதிவாக வேண்டும். போர்வெல் குழிக்கு இருக்கிற விதி சியாச்சினுக்கும் வரட்டும்.