வாயிலில் நிற்கும் மூன்றாமவர்

தானத்தைப் பற்றி நம் சாஸ்திரங்கள் விரிவாகவே ஆராய்ந்துள்ளன. பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம் தானத்தை மூவகையாகப் பிரிக்கிறது. தகுந்த இடத்தில், தகுந்த காலத்தில், தகுந்தவருக்கு, கைம்மாறு கருதாமல், கடமை என்ற உணர்வோடு கொடுப்பதைச் சாத்விக தானம் என்கிறது. இந்த ஆராய்ச்சியில் வருபவர்கள் இருவர்: கொடுப்பவர், பெறுபவர். கொடுப்பவரின் மனம் தூயதா, பெறுபவர் தகுதியுடையவரா என்று பார்த்துவிட்டால் விசாரணை நிறைவு பெறுகிறது. அமைதியான காலத்திற்கு இது போதும். போர் நடக்கும் நாட்டிலோ இவ்விருவருக்கும் நடுவே மூன்றாவதாக ஒருவர் வந்து நிற்கிறார். சாலையை மறித்திருப்பவர் அவர். துறைமுகத்தின் சாவியும் அவர் கையில்தான் இருக்கிறது. பல வேளைகளில் அந்தப் பசியை உண்டாக்கியவரும் அவரே. அவருடைய அனுமதியின்றி ஒரு பிடி அரிசிகூடப் பசித்தவரைச் சென்றடையாது. அனுமதிக்கு அவர் ஒரு விலை கேட்பார். அந்த விலையைக் கொடுக்கலாமா?

ரிச்சர்ட்ஸ் டவுனில் வாரந்தோறும் நடைபெறும் எங்கள் கீதை வகுப்பில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது பெரியவர் ஒருவர் சற்றுக் கோபமாகவே கேட்டார்: “சுவாமி, பசித்தவனுக்குச் சோறு போடுவதில் தத்துவம் எதற்கு? போட வேண்டியதுதானே?” கேள்வி நியாயமானது. பசியின் முன் தர்க்கம் செய்பவன் மனிதனே அல்லன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் சோறு எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்க்கத் தொடங்கினால், நாம் விரும்பாவிட்டாலும் தத்துவம் வந்து விடுகிறது.

அதற்கான உதாரணம் எங்கள் பெங்களூரிலேயே இருக்கிறது. 1987 ஜூன் மாதத் தொடக்கத்தில், வடமராட்சியில் இலங்கைப் படையின் நடவடிக்கை நடந்துகொண்டிருந்தபோது, யாழ்ப்பாண மக்களுக்காக உணவும் மருந்தும் ஏற்றிய 19 படகுகள் ராமேஸ்வரத்திலிருந்து புறப்பட்டன. இலங்கைக் கடற்படை அவற்றைத் திருப்பி அனுப்பியது. மறுநாள், ஜூன் 4 அன்று, இந்திய விமானப்படையின் ஐந்து ஏ.என்.-32 விமானங்கள் பெங்களூரிலிருந்து கிளம்பின. மிராஜ் போர் விமானங்கள் காவலாக உடன் சென்றன. ஏறத்தாழ 25 டன் பொருட்கள் யாழ்ப்பாண வானிலிருந்து பாரசூட்களில் இறக்கப்பட்டன. ‘பூமாலை’ என்பது அந்நடவடிக்கையின் பெயர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் லட்சக்கணக்கான மக்கள் வாழ்ந்தார்கள். 25 டன்னை அத்தனை பேருக்கும் பங்கிட்டால் தலைக்கு ஒரு கைப்பிடிகூடத் தேறாது. இதைக் கணக்கிடப் பெரிய படிப்பு தேவையில்லை, அனுப்பியவர்களுக்கும் தெரிந்திருக்கும். அந்த மூட்டைகள் யாழ்ப்பாணத்தில் இறங்கினாலும் அவற்றின் முகவரி கொழும்பு. ஒரு நாடு இன்னொரு நாட்டிற்கு அனுப்பிய செய்தியாகவே உலகம் அதைப் படித்தது. அடுத்த மாதம், ஜூலை 29 அன்று, ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அக்டோபரில் இந்திய அமைதிப்படை அதே யாழ்ப்பாணத்தில் போரில் இறங்கியிருந்தது. மூட்டையைப் பிரித்து உண்டவருக்கு அந்த உணவு பொய்யானதன்று. பசி உண்மையாகவே சிறிது தணிந்திருக்கும். ஆயினும் கொடுத்தவரின் மனத்தில் பெறுபவர் எந்த இடத்தில் இருந்தார் என்ற கேள்வியை எழுப்பாமல் இருக்க முடியவில்லை. கீதையின் அளவுகோலில் கைம்மாறு கருதிக் கொடுப்பது ராஜச தானம். அரசுகளின் தானம் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அரசிடம் சாத்விகத்தை எதிர்பார்ப்பது நம் தவறு.

உண்மையான தர்மசங்கடம், கைம்மாறு கருதாதவர்களுக்கு நேரும்போதுதான் தொடங்குகிறது.

1859-இல் சோல்ஃபெரினோ போர்க்களத்தில் காயமுற்றவர்களின் நிலையைக் கண்ட ஹென்றி டுனாண்டின் முயற்சியால் 1863-இல் செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது. எந்தப் பக்கமும் சேராமல், யாரையும் பகிரங்கமாகக் குற்றம் சாட்டாமல் இருந்தால் இரு தரப்பும் கதவைத் திறக்கும் என்பது அதன் நம்பிக்கை. அந்த நம்பிக்கையால் எண்ணற்ற உயிர்கள் பிழைத்தன. ஆனால் 1942 அக்டோபரில், யூதர்களுக்கு நேர்ந்துகொண்டிருந்த கொடுமையை ஓரளவு அறிந்திருந்த நிலையிலும், பகிரங்க அறிக்கை வேண்டாம் என்று ஜெனிவாவில் கூடிய அதன் குழு முடிவு செய்தது. பிற்காலத்தில் அச்சங்கமே இதைத் தன் தோல்வியாக ஏற்றுக்கொண்டது. நைஜீரியாவின் பியாஃப்ரா போரில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர்கள் சிலர் இந்த மௌனம் பொறுக்காமல், பார்த்ததைச் சொல்வோம் என்ற உறுதியோடு 1971-இல் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பை நிறுவினார்கள். அவர்களுக்கும் வேறு வடிவில் சோதனை வந்தது. 1994-இல் ருவாண்டாவிலிருந்து ஓடிவந்து, அன்றைய ஜயரின் கோமா முகாம்களில் தங்கிய லட்சக்கணக்கானவர்களுக்கிடையே, இனப்படுகொலையை நடத்தியவர்களே உணவு விநியோகத்தைக் கைப்பற்றியிருந்தார்கள். கொடுக்கக் கொடுக்கக் கொலையாளிகளின் கை வலுத்தது. அந்த ஆண்டு நவம்பரில் அவ்வமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு அங்கிருந்து வெளியேறியது. மற்றப் பலர் தங்கினார்கள், ஏனெனில் முகாமில் குழந்தைகளும் இருந்தனர். இவர்களில் யார் செய்தது சரி என்று என்னைக் கேட்டால், வெளியேறியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தங்கியவர்களைக் குறை சொல்லத் துணிவும் வராது.

வன்னியின் கதை நமக்கு இன்னும் அருகில் உள்ளது. 2006 ஆகஸ்ட் 4 அன்று மூதூரில் ஒரு பிரெஞ்சு நிவாரண அமைப்பின் ஊழியர்கள் 17 பேர், தங்கள் அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அனைவரும் உள்ளூர்க்காரர்கள், 16 தமிழர், ஒரு முஸ்லிம். போர் தீவிரமடைந்து 2008 செப்டம்பரில், பாதுகாப்பிற்கு உறுதி தர இயலாது என்று அரசு சொன்னதும், ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. போக வேண்டாம் என்று மக்கள் ஐ.நா. அலுவலக வாயிலில் திரண்டு மன்றாடினார்கள். அவர்கள் கேட்டது அரிசியை அன்று. நடப்பதைப் பார்க்க ஒரு சாட்சி இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். செஞ்சிலுவைச் சங்கம் தங்கியது. 2009 பிப்ரவரி முதல் மே வரை கடல் வழியாக, காயமுற்றவர்களும் நோயாளிகளும் உடன் வந்தவர்களுமாக ஏறத்தாழ 14,000 பேரைப் புதுமாத்தளன் பக்கத்துக் கரையிலிருந்து வெளியேற்றியது. அந்தக் கடற்கரையில் மௌனத்தின் விலைக்கு ஈடாக உயிர்கள் கிடைத்தன. மே மாதத்தில் நிலைமை எல்லை மீறியபோது, வழக்கமாகப் பேசாத அச்சங்கமும் கற்பனைக்கு எட்டாத மனிதப் பேரழிவு என்று வெளிப்படையாகச் சொன்னது.

ஐ.நா.வின் நிலை வேறு. மக்களை வெளியேற விடாமல் புலிகள் தடுத்ததையும், பாதுகாப்பு வலயம் என்று அரசு அறிவித்த பகுதிகளிலேயே எறிகணைகள் விழுந்ததையும் ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் பதிவு செய்தது. இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்றும் கூறியது. 2012 நவம்பரில் வெளியான சார்ல்ஸ் பெட்ரி குழுவின் அறிக்கை ஐ.நா.வின் சொந்த நடத்தையையே விசாரித்தது. இறப்பு எண்ணிக்கையைத் திரட்டி வைத்திருந்தும் அதிகாரிகள் உரக்கச் சொல்லத் தயங்கினார்கள். சொன்னால் நிவாரணத்திற்கான அனுமதி போய்விடும் என்று அஞ்சினார்கள் என்பது அதன் சாரம். ஆனால் எந்த அனுமதியைக் காக்க மௌனம் காத்தார்களோ, அந்த அனுமதியே அப்போது பெயரளவில்தான் இருந்தது. அவர்களின் உணவு லாரிகள் 2009 ஜனவரிக்குப் பின் உள்ளே போகவில்லை.

இவ்விரண்டு மௌனங்களையும் ஒன்றாகக் கருதுவது சரியாகுமா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் வாய் திறவாமைதான். ஒன்று நாள்தோறும் கரையில் ஆட்களைத் தூக்கிப் படகில் ஏற்றியது. மற்றது பழக்கத்தால் நீடித்தது. மௌனத்தின் விலையைக் கொடுப்பது நிவாரணப் பணியாளர் அல்லர், உள்ளே இருப்பவர் என்பதை மறந்துவிடும்போதே இந்தப் பழக்கம் உருவாகிறது. ஆகவே மௌனமாக இருக்க முடிவு செய்பவர், இன்று இது எத்தனை உயிரை மீட்டது என்று ஒவ்வொரு நாளும் தன்னைக் கேட்டாக வேண்டும். வன்னியின் தற்காலிக மருத்துவமனைகளில் இறுதி வரை பணியாற்றிய அரசு மருத்துவர்கள் சிலர், அறுவை செய்த கையோடு தொலைபேசியில் வெளியுலகிற்கு நிலைமையைச் சொல்லவும் செய்தார்கள். போர் முடிந்ததும் காவலில் வைக்கப்பட்டார்கள். காவலில் இருந்தபோதே ஜூலையில் செய்தியாளர்கள் முன் தங்கள் எண்ணிக்கைகளை மறுத்துரைத்தார்கள். சேவையையும் சாட்சியத்தையும் ஒருசேரச் செய்ய முடியும் என்பதை அவர்கள் காட்டினார்கள். அதற்கு என்ன நேரும் என்பதையும் உலகம் கண்டது.

மணிமேகலைக் காப்பியம் இங்கே நினைவுக்கு வருகிறது. அமுதசுரபியோடு புகார் நகரத்துச் சிறைக்கோட்டத்தில் நுழைந்த மணிமேகலை, அங்கிருந்தவர்களின் பசியைத் தீர்த்தாள். வியந்த அரசன் அழைத்து, என்ன வேண்டும் என்று கேட்டபோது, அந்தச் சிறையை அறக்கோட்டமாக மாற்றும்படி வேண்டினாள். சோறிட்டதால் கிடைத்த செவியைச் சிறையைப் பற்றிப் பேசவே பயன்படுத்தினாள். அவளுக்கு இரண்டு வசதிகள் இருந்தன: அனுமதிச் சீட்டுக் கேட்காத பாத்திரம் ஒன்று, கேட்டுக்கொள்ளும் அரசன் மற்றொன்று. நம் காலத்து நிவாரணப் பணியாளருக்கு இவ்விரண்டும் வாய்ப்பதில்லை.

2009-இல் போரிலிருந்து தப்பி வந்த ஏறத்தாழ 2,80,000 பேரில் பெரும்பாலோர் செட்டிகுளம் அருகே மெனிக் பாம் முகாம்களில் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டனர். டிசம்பர் வரை அவர்களால் விருப்பம்போல் வெளியே போக முடியவில்லை. கூடாரம், குடிநீர், கழிப்பறை, அரிசி எல்லாம் உலகின் தொண்டு நிறுவனங்கள் கொடுத்தவை. கொடுக்காவிட்டால் மக்கள் மடிவார்கள். கொடுத்தால் அந்த வேலி நிற்பதற்குத் தாங்களும் ஒரு தூண். முகாமின் ஒரு பகுதிக்கு ஆனந்த குமாரசுவாமி என்று பெயர் வைத்திருந்தார்கள். சிவநடனத்தின் தத்துவத்தை உலகிற்கு எடுத்துரைத்த அறிஞரின் பெயரை முட்கம்பிக்கு வைக்கத் தோன்றியவர் யாரோ!

நிறுவனங்கள் கொடுக்கவே முடிவு செய்தன. என் சிற்றறிவுக்கு அது சரியென்றே படுகிறது. ஆனால் மணிமேகலையின் இரண்டாவது செயலை, அதாவது சிறையைப் பற்றிப் பேசுவதை, அவர்களில் எத்தனை பேர் அதே உறுதியோடு செய்தார்கள் என்பது வேறு கேள்வி. 2012 செப்டம்பரில் முகாம் மூடப்பட்டபோது, கடைசியாக வெளியேறியவர்களில் கேப்பாப்புலவு மக்களும் இருந்தார்கள். அவர்களைச் சீனியாமோட்டையில் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். அவர்கள் ஊரில் அப்போது இராணுவம் இருந்தது.