மறுக்க முடியாதவனின் வாக்கு

வெளியிலிருந்து வந்து திருநெல்வேலிச் சீமையில் தங்க நேர்ந்தவர்களிடம் ஒரு புகார் பொதுவாக இருக்கிறது. இங்கே சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு யாரும் வருவதில்லை. ஆசாரி நாளைக்கு வருவதாகச் சொன்னார். அந்த நாளை போய்ப் பத்து நாளாயிற்று. கொத்தனார் பாதிச் சுவரோடு போனவர்தான், ஆளைக் காணோம். குழாய் ரிப்பேர்காரரைப் போனில் கூப்பிட்டால் ‘இந்தா வந்துட்டேன்’ என்கிறார். அந்த ‘இந்தா’வுக்கு அளவு கிடையாது. புகார் சொல்பவர் வேறு தேசத்தவராக இருக்கலாம், வேலை மாற்றலாகி வந்த வடநாட்டவராக இருக்கலாம், முப்பது வருஷம் பம்பாயில் கழித்துவிட்டு ஓய்வுபெற்று ஊர் திரும்பிய நம்மவராகவும் இருக்கலாம். கடைசி ரகத்தவரின் கோபமே எல்லாவற்றிலும் உக்கிரமானது.

புகார் புதியதும் அல்ல. 1888இல் ஃப்ளோரா ஆனி ஸ்டீலும் கிரேஸ் கார்டினரும் சேர்ந்து, இந்தியாவில் குடித்தனம் நடத்த வரும் ஆங்கிலப் பெண்களுக்காக ஒரு கையேடு வெளியிட்டார்கள். வேலையாட்களைக் குழந்தைகளாக பாவித்து நடத்தும்படி அது யோசனை சொல்கிறது. நூற்றாண்டுக்கு மேல் கடந்த பிறகும் அதே தொனியைப் பாளையங்கோட்டை வீட்டு வராந்தாக்களில் கேட்கலாம். ஆள்பவர்கள் மாறிவிட்டார்கள், புகார் கைமாறி வந்திருக்கிறது.

இதற்கு இரண்டு பதில்கள் வழக்கத்தில் உண்டு. ஒன்று, இவர்களுக்கு ஒழுங்கு கிடையாது, பொய் சொல்பவர்கள் என்ற தீர்ப்பு. மற்றது படித்தவர்களின் பதில். மேற்கத்தியனின் காலம் நேர்கோடு, நம்முடையது வட்டம். அவன் கடிகாரத்தில் வாழ்கிறான், நாம் பருவத்தில் வாழ்கிறோம். ஆகவே இது கலாசார வேறுபாடு, குற்றம் பேசலாகாது. முதல் பதில் முரட்டுத்தனமானது என்பது தெரிந்ததே. இரண்டாவது அதைவிட அவமரியாதையானது என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் பதில் ஆசாரியைப் பொய்யர் என்கிறது. அதாவது, உண்மை சொல்லக்கூடியவர் என்றாவது ஒப்புக்கொள்கிறது. இரண்டாவது பதில் அவரை வாக்குக் கொடுக்கும் மனிதர்களின் வட்டத்திலிருந்தே பெருந்தன்மையோடு வெளியேற்றிவிடுகிறது.

தவிரவும் அந்த வட்டக் காலம் என்ற கதை இந்த மண்ணில் நிற்காது. ராகுகாலம் ஒன்றரை மணி. அது தொடங்கும் நிமிஷமும் முடியும் நிமிஷமும் இங்கே எல்லோருக்கும் தெரியும். முகூர்த்தம் தவறினால் கல்யாண வீட்டில் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தாமிரபரணிப் பாசனத்தில் காருக்கும் பிசானத்துக்கும் மடை திறக்கும்போது முறைத் தண்ணீரைத் தவறவிட்டுவிட்டு ‘எங்கள் காலம் வட்டமானது’ என்று சொன்ன சம்சாரி யாரும் கிடையாது. ஆற்றுப் பாசனம் எட்டாத தெற்குத் தேரிக்காட்டில் பனையேறியின் நாள் இன்னும் கறாரானது. விடியுமுன் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை மரம் ஏறியாக வேண்டும். பாளையை அன்றாடம் சீவாவிட்டால் ஊற்று அடைந்துவிடும். இறக்கிய பதநீரை உடனே காய்ச்சாவிட்டால் புளித்துப்போகும், கருப்பட்டி கிடைக்காது. சீசன் முழுக்க ஒருநாள்கூட விடுமுறை இல்லாத உழைப்பு அது. சென்னையில் விடியற்காலையிலேயே கடை திறக்கிற அண்ணாச்சிமார் இந்தச் சீமையிலிருந்து போனவர்கள். வளைகுடாவில் கம்பெனி வேனுக்காக இருட்டில் எழுந்து நிற்கும் தச்சரும் இங்கே ‘நாளைக்கு’ என்று சொன்ன அதே தச்சர்தான். ஆக, குறைபாடு கால உணர்வில் இல்லை.

கடிகாரமே நம் ஊருக்கு வெளியூர்க்காரர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1906 ஜனவரி 1 முதல் இந்தியாவுக்குப் பொது நேரம் வந்தது. அது கிழக்கே 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரம். திருநெல்வேலியில் சூரியன் உச்சிக்கு வருவது, சராசரியாக, அந்தக் கடிகாரத்தின் பன்னிரண்டு மணிக்குச் சுமார் 19 நிமிஷம் கழித்து. இது ஒரு வேடிக்கைத் தகவல் மட்டுமே. இதை வைத்துக்கொண்டு ஆசாரிக்கு வக்காலத்து வாங்க முடியாது. பத்தொன்பது நிமிஷத்துக்குச் சமாதானம் உண்டு. பத்தொன்பது நாளுக்கு இல்லை.

குறைபாடு எங்கே இருக்கிறது என்பதை ஒரு நாவல் மறைமுகமாகக் காட்டுகிறது. ஈ. எம். ஃபார்ஸ்டரின் ‘எ பாஸேஜ் டு இந்தியா’ 1924இல் வந்தது. அதில் இந்தியாவைத் தெரிந்துகொள்ள ஆசைப்படும் இரண்டு ஆங்கிலப் பெண்களில் ஒருவரான திருமதி மூர், திருமதி பட்டாசார்யாவிடம் அவர் வீட்டுக்கு ஒருநாள் வரலாமா என்று கேட்கிறார். வியாழக்கிழமை காலை வண்டி அனுப்புவதாக ஏற்பாடு. வண்டி வருவதில்லை. பிற்பாடு டாக்டர் அஸீஸும் அவர்களைத் தன் வீட்டுக்கு வரும்படி வாய்தவறி அழைத்துவிடுகிறார். அவர்கள் அதை நிஜமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். தன் வீட்டின் அலங்கோலத்தை நினைத்துக் கூசியவர், தப்பிக்கும் மார்க்கமாக மராபார் குகைகளுக்கு அழைத்துப்போவதாகச் சொல்கிறார். நாவலின் விபரீதம் முழுவதும் இதிலிருந்து புறப்படுகிறது. புறப்படும் நாளன்று பேராசிரியர் காட்போலே பூஜை எவ்வளவு நேரமாகும் என்பதைத் தப்பாகக் கணக்குப் போட்டதால் ஃபீல்டிங்கும் அவரும் ரயிலைத் தவறவிடுகிறார்கள். விமர்சகர்கள் குகையின் எதிரொலியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, இந்தச் சங்கிலியில் யாரும் ‘இல்லை’ என்ற சொல்லைச் சொல்லவில்லை என்பது. ஆள்பவரின் முன்னால் அந்தச் சொல் வாயில் வருவதில்லை. ‘வாருங்கள்’ என்பது அங்கே அழைப்பு அல்ல, வணக்கத்தின் இன்னொரு உருவம். வந்தவர்கள் அந்த வணக்கத்தை ஒப்பந்தமாகப் படித்தார்கள்.

நம் கிராம அமைப்பில் இதற்கு ஆழமான வேர் உண்டு. தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர் எல்லோருக்கும் அறுவடைக் களத்தில் நெல் அளக்கப்பட்டது. அந்தப் பங்குக்குப் பெயர், விசித்திரமாக, ‘சுதந்திரம்’. உரிமைப் பங்கு என்ற பொருளில். ஆனால் அந்தச் சுதந்திரத்தைப் பெற்றவருக்கு வேலையை மறுக்கும் சுதந்திரம் இல்லை. நிலக்காரர் கூப்பிட்டால் ‘ஆகட்டும்’ என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. அப்படிச் சொல்லப்பட்ட ‘ஆகட்டும்’ எதையும் உறுதி செய்வதில்லை. பேசுகிற இருவரில் யார் மேலே, யார் கீழே என்பதை மட்டும் உறுதி செய்கிறது. எப்போது வந்து முடிப்பது என்பது தச்சரின் கையில் எஞ்சியிருந்த ஒரே சின்ன அதிகாரம். வாயால் மறுக்க முடியாதவர் காலால் மறுத்தார்.

களத்து நெல் போய்ப் பணக்கூலி வந்துவிட்டது. மறுக்கும் சக்தி மட்டும் கூடவே வரவில்லை. இன்றைய ஆசாரியின் கணக்கு வேறு. அவரிடம் முதல் கிடையாது. ஒரு வீட்டில் வாங்கிய அச்சாரத்தில் இன்னொரு வீட்டு ஜன்னலுக்குப் பலகை எடுக்கிறார். நாலு வீட்டில் வேலையைத் தொட்டுவைத்தால்தான் நாலும் வேறு ஆளுக்குப் போகாமல் இருக்கும். எந்த வீட்டிலும் முழுப் பணம் ஒரே தடவையாகக் கைக்கு வருவதில்லை. வேலை முடிந்த வீட்டிலும் மீதிப் பணத்துக்கு நடையாய் நடக்க வேண்டும். அங்கே அவருக்குக் கிடைக்கும் பதிலும் ‘நாளைக்கு வா’ என்பதே. அவர் சொன்னது ‘நாளைக்கு வாரேன்’. அவர் கேட்டது ‘நாளைக்கு வா’. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே சில எழுத்துகள்தாம் வித்தியாசம். முதலாவதை நம்பகமின்மை என்கிறோம். இரண்டாவதற்கு நம் மொழியில் பெயரே வைக்கவில்லை. தாலுகா ஆபீசிலும் சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் எங்கள் கவுண்ட்டருக்கு முன்னாலும் காத்து நின்று நின்று தன் நேரத்துக்கு என்ன விலை என்பதை அவர் அறிந்திருக்கிறார். தன் நேரத்துக்கு இல்லாத மதிப்பைப் பிறர் நேரத்துக்கு அவர் எங்கிருந்து கொண்டுவந்து தருவார்?

இங்கே இம்மானுவேல் கான்ட்டை நினைக்காமல் இருக்க முடியாது. 1785இல் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு கடன்காரன். திருப்பித் தர முடியாது என்று தெரிந்தே, தருவதாக வாக்களித்துக் கடன் கேட்கிறவன். எல்லோரும் இப்படிச் செய்தால் வாக்கு என்ற ஒன்றே இல்லாமல் போகும் என்பது கான்ட்டின் வாதம். அச்சாரம் வாங்கிக்கொண்டு வராத ஆசாரிக்கு இது அப்படியே பொருந்தும். அதை மழுப்ப நான் தயாராக இல்லை. ஆனால் அச்சாரம் வாங்காமல், முகத்துக்கு முன்னால் மறுக்க மாட்டாமல் சொல்லப்படும் ‘நாளைக்கு’? நீட்சே 1887இல் மனிதனை, வாக்களிக்கும் உரிமையுள்ள பிராணியாக இயற்கை வளர்க்க முயன்ற ஜீவன் என்று பேசுகிறார். அவருடைய அகம்பாவத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அந்த ‘உரிமை’ என்ற சொல் முக்கியம். வாக்கு கடமையாவதற்கு முன்னால் உரிமையாக இருக்க வேண்டும். ‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை இல்லாதவன் சொல்லும் ‘சரி’யை வாக்கு என்று எண்ணிக்கொள்வது கேட்பவரின் சௌகரியம்.

மறுப்பு எப்படி வாக்குக்கு உயிர் கொடுக்கிறது என்பதற்கு இந்தச் சீமையிலேயே சாட்சி உண்டு. பாபநாசத்து அருவியின் வேகத்தை நம்பி ஸ்காட்லாந்துக்காரர்களான ஹார்வி சகோதரர்கள் விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை வைத்தார்கள். தூத்துக்குடியில் கோரல் மில்லும் அவர்கள் நிர்வாகத்தில் நடந்தது. பருவத்தையும் பொழுதையும் பார்த்து வேலை செய்த ஜனங்கள் ஆலைச் சங்குக்கு எழுந்திருக்கப் பழகினார்கள். 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் மில் தொழிலாளர்கள் வ. உ. சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா ஆகியோரின் தூண்டுதலில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ. பி. தாம்சன் 1967இல் எழுதிய கட்டுரையொன்றில் இதே படிநிலையை இங்கிலாந்துத் தொழிலாளர்களிடம் காட்டியிருக்கிறார். கடிகாரத்தை எதிர்த்தவர்கள், பிறகு கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பேரம் பேசினார்கள். ‘வரமாட்டோம்’ என்று ஒருமுறை சேர்ந்து சொன்ன பிறகுதான் ‘இத்தனை மணிக்கு வருவோம்’ என்பதற்கு இரு தரப்பிலும் அர்த்தம் வந்தது. தனி ஆளாக வீடு வீடாகப் போகும் ஆசாரிக்கு அந்தச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

தாமதத்துக்கும் ஜாதி உண்டு என்பது இன்னொரு விஷயம். கால்டுவெல் 1841இன் இறுதியில் இடையன்குடிக்கு வந்தார். அவர் அங்கே எழுப்பிய தேவாலயத்தின் வேலை 1847இல் தொடங்கி 1880இல் நிறைவெய்தியது. முப்பத்து மூன்று வருஷம். இதை யாரும் தாமதம் என்று சொல்வதில்லை, விடாமுயற்சி என்கிறார்கள். நானும் அப்படியே சொல்வேன். ஆனால் அந்த முப்பத்து மூன்று வருஷமும் விடியுமுன் பனை ஏறிய ஜனங்களின் அறிவையும் பண்பையும் பற்றி 1849இலேயே அவர் தீர்ப்பெழுதி முடித்திருந்தார். பிற்பாடு அச்சமூகத்தவரின் கடும் எதிர்ப்பையும் சந்தித்தார். அதே தெற்குக் கரையோரம் கூடங்குளம் இருக்கிறது. ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் 1988இல் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 2002இல் கட்டுமானம் தொடங்கியது. முதல் உலை 2014 டிசம்பர் இறுதியில்தான் வணிக உற்பத்திக்கு வந்தது. நடுவே ஒரு தேசம் கலைந்தது, ஜனங்களின் போராட்டம் நடந்தது, காரணங்கள் உண்டு. ஆசாரிக்கும் காரணங்கள் உண்டு. பெரிய இடத்துத் தாமதத்துக்குக் காரணம் கேட்கிறோம். சின்ன இடத்துத் தாமதத்தில் குணத்தைப் பார்க்கிறோம். காலாண்டிதழ் என்று அட்டையில் போட்டுக்கொண்டு, வரும்போது வருகிற பத்திரிகைகளின் வாசகர்களாகிய நாம் இந்தப் பாகுபாட்டை நன்கு அறிவோம். நம்முடைய தாமதத்துக்கு லட்சியம் என்று பெயர்.

இதனால் தாமதம் மன்னிக்கப்பட்டுவிடாது. அதன் முழுச் செலவையும் ஏற்பது வராந்தாவில் சலித்துக்கொள்ளும் வெளியூர்க்காரர் அல்ல. அவருக்கு இன்னொரு ஆளைக் கூப்பிட வசதி இருக்கிறது. பள்ளி திறக்கும் நாளில் சீருடை தைத்து வராத பிள்ளையும், மழைக்கு முன் ஓடு மாற்ற ஆள் வராத தனிக் கிழவியும் அதை ஏற்கிறார்கள். தையற்காரர் பெரிய வீட்டுத் துணியை முதலில் முடித்துவிட்டு இவர்களுடையதைத் தள்ளிப்போடுகிறார். மேலிருந்து வாங்கிய காத்திருப்பை அவர் கீழே கொடுக்கிறார். இங்கே அவருக்கு மறுக்கும் சக்தி உண்டு, மறுக்காமல் இழுத்தடிக்கிறார். கலாசார வேறுபாடு என்று பேசுகிறவர்களின் கண்ணில் இந்தக் கிழவி படுவதே இல்லை. ஆசாரியின் மேல் நமக்கு இருக்கக்கூடிய நியாயமான கோபம் அவள் சார்பில் எழுவது மட்டுமே.

ஆகவே வெளியூர்க்காரர்களுக்கும் நமக்கும் கேள்வி ஒன்றுதான். ‘இந்த மாசம் முடியாது அண்ணாச்சி, வேற ஆளப் பாத்துக்கிடுங்க’ என்று ஒரு கொத்தனார் முகத்துக்கு நேரே சொன்னால் நாம் அதற்கு என்ன பெயர் வைக்கிறோம்? திமிர் என்கிறோம். அடுத்த வேலைக்கு அவரைக் கூப்பிடுவதில்லை. நாலு பேரிடம் சொல்லியும் வைக்கிறோம். உண்மை சொன்னதற்கு அபராதம் வசூலித்துவிட்டு, பொய் பெருகிவிட்டது என்று வருத்தப்படுகிறோம். வாக்கு தவறாத மனிதர்கள் வேண்டுமென்றால் அதற்கு முன்னால் மறுக்கத் துணிந்த மனிதர்களைச் சகித்துக்கொள்ளப் பழக வேண்டும். அந்த ‘முடியாது’வை முகம் கோணாமல் வாங்கிக்கொள்ளும் நாள் வரைக்கும், நமக்குக் கிடைக்கும் ‘நாளைக்கு’ நாம் சம்பாதித்ததே.