கிழிக்கப்பட்ட ஓலை: குற்றவழக்கை இரத்துச் செய்தலின் அறம்

முன்னுரை

குற்றம் சாட்டப்பட்ட ஒருவர், சாட்சிகள் விசாரிக்கப்படுவதற்கு முன்பே தம்மீதான வழக்கை இரத்துச் செய்யுமாறு உயர்நீதிமன்றத்தை வேண்டும் வழிமுறை இந்தியக் குற்றவியல் சட்டத்தில் உண்டு. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482ஆம் பிரிவில் அமைந்திருந்த இவ்வதிகாரம், 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 528ஆம் பிரிவாக இடம்பெற்றுள்ளது. நீதிமன்ற நடைமுறை தீய நோக்கில் பயன்படுத்தப்படுவதைத் தடுப்பதும் நீதியின் நோக்கம் நிறைவேறச் செய்வதும் இதன் குறிக்கோள்களாம். விசாரணைக்குப்பின் விடுதலை செய்யும் நீதிமன்றம் சான்றுகளைக் கேட்டு முடிவு சொல்கிறது. இரத்துச் செய்யும் நீதிமன்றமோ அவற்றைக் கேட்கவே தேவையில்லை என்கிறது. கேளாமலே ஒரு வழக்கை முடித்தல் எப்போது அறமாகும் என்னும் வினாவைத் தமிழ் இலக்கியம் காட்டும் வழக்குகளின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவகைக் கேளாமை

சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்டது பொற்கொல்லனின் குற்றச்சாட்டு ஆராயப்படாமல் ஏற்கப்பட்டதனால் ஆகும். குற்றம் சாட்டப்பட்டவனின் சொல்லைக் கேளாமை அங்கு அரசனின் உயிரையும் கொண்டது. திருக்குறளின் செங்கோன்மை அதிகாரமும் ஆராய்ந்து முறைசெய்தலையே அரசனுக்குரிய கடமையாக வைக்கிறது. ஆயின், குற்றம் சாட்டுபவரின் சொல்லைக் கேளாமையும் ஒருவகை அநீதியே என்பதைப் பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணம் காட்டுகிறது.

நம்பியாரூரரின் திருமணப் பந்தலில் முதிய அந்தணர் ஒருவர் புகுந்து, அவர் தம் அடிமை என்கிறார். அந்தணர் அந்தணர்க்கு அடிமையாதல் வழக்கில் இல்லாதது. ஆரூரர் அவரைப் பித்தர் என்று இகழ்ந்து, ஓலையைப் பறித்துக் கிழித்தெறிகிறார். திருவெண்ணெய்நல்லூர் அவையினரும் முதலில் அவ்வழக்கு உலகில் இல்லாதது என்றே கருதுகின்றனர். எனினும் அவர்கள் வழக்கைத் தள்ளிவிடவில்லை. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றில் ஒன்றைக் காட்டுமாறு கேட்கின்றனர். மூல ஓலைக்குத் தீங்கு நேராமல் காப்பதாகவும் உறுதி கூறுகின்றனர். ஆரூரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையோடு எழுத்து ஒப்பிடப்படுகிறது. முதியவரின் கூற்று மெய்யாகிறது.

இறைவனின் அருட்செயலைக் கூறும் இப்பகுதி அடிமை உரிமை பற்றிய வழக்கே அன்றிக் குற்றவழக்கு அன்று. ஆயினும் நம்பத்தகாதது என்று தோன்றுவதும் பொய் என்று மெய்ப்பிக்கப்பட்டதும் ஒன்றல்ல என்னும் நெறியை இதனின்றும் பெறமுடிகிறது.

பஜன்லால் வழக்கு வகுத்த நெறி

அரியானாவின் முன்னாள் முதலமைச்சர் பஜன்லால் தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றம் 1990இல் அளித்த தீர்ப்பு, இரத்துச் செய்யத்தக்க நேர்வுகளை ஏழு வகைகளாக எடுத்துக்காட்டியது. புகாரில் உள்ளவை அனைத்தையும் உண்மையென்றே கொண்டாலும் அவை குற்றமாகாத நிலை அவற்றுள் முதலாவது. அறிவுடையோர் எவரும் ஏற்கவியலாத அளவுக்குப் புகார் பொருந்தாததாக இருத்தல் ஐந்தாவது. பழிதீர்க்கும் உள்நோக்குடன் வழக்குத் தொடரப்பட்டமை வெளிப்படையாகத் தெரிதல் ஏழாவது.

இவற்றுள் முதல் வகை அறநோக்கில் ஐயத்திற்கு இடமற்றது. புகார் கொடுத்தவரின் சொல் முழுமையாகக் கேட்கப்பட்டு, அது மெய்யே என வைத்துக்கொண்டு, அதன்பின்னரே முடிவு சொல்லப்படுகிறது. எவருடைய ஓலையும் இங்குக் கிழிக்கப்படுவதில்லை. ஐந்தாம் வகையிலும் ஏழாம் வகையிலும் இடர் உள்ளது. பொருந்தாதது எது என்பதைப் பெரும்பாலும் உலகவழக்கே தீர்மானிக்கிறது. ஆரூரர் சிரித்ததும் அவ்வழக்கை நம்பியே. பகை கொண்டவரும் உண்மையைச் சொல்லக்கூடும். பஜன்லால் வழக்கிலேயே, புகார் கொடுத்தவர் அவரோடு பகை கொண்டிருந்தும், சான்றுகள் திரட்டப்படாத நிலையில் உள்நோக்கம் பற்றி முடிவு கூறவியலாது எனக் கருதிய உச்சநீதிமன்றம், முதல் தகவல் அறிக்கையை இரத்துச் செய்த உயர்நீதிமன்ற ஆணையை ஏற்கவில்லை. உரிய அதிகாரம் பெறாத அலுவலர் நடத்திய புலனாய்வை மட்டுமே அது இரத்துச் செய்தது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். பொய்வழக்கில் சிக்கியவர் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்குகிறார். பணியையும் மதிப்பையும் இழக்கிறார். இறுதியில் கிடைக்கும் விடுதலை அவற்றை மீட்டுத் தராது. இம்மறுப்பு வலிமையுடையது. விசாரணையே தண்டனையாகிவிடும் இடத்தில் நீதிமன்றம் வாளாவிருத்தல் கோவலனுக்கு நேர்ந்த அநீதியின் மற்றொரு வடிவமே. எனவே இவ்வதிகாரம் இன்றியமையாதது. ஆயின் விசாரணையின் காலத்தாழ்வுக்குத் தீர்வு விசாரணையை விரைவுபடுத்துவதே. காலத்தாழ்வைக் காரணம் காட்டிப் புகாரை நம்பாதிருத்தல் அதற்குத் தீர்வாகாது.

மன்னிக்கும் உரிமை யாருடையது?

இருதரப்பும் இணக்கம் கண்டதன்பேரில் இரத்துக் கோருதல் மற்றொரு சிக்கலாகும். கியான் சிங் வழக்கில் 2012இல் உச்சநீதிமன்றம், உரிமையியல் தன்மை மேலோங்கிய பூசல்களிலும் குடும்பப் பூசல்களிலும் இதற்கு இடமளித்தது. கொலை, பாலியல் வன்கொடுமை, கொள்ளை போன்ற கொடுங்குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் இசைந்தாலும் இரத்துச் செய்யலாகாது என்றது. இராசத்தானில் பள்ளி மாணவியிடம் பாலியல் அத்துமீறல் செய்ததாக ஆசிரியர் ஒருவர்மீது தொடரப்பட்ட வழக்கை, மாணவியின் தந்தையோடு ஏற்பட்ட இணக்கத்தின்பேரில் உயர்நீதிமன்றம் 2022இல் இரத்துச் செய்தது. 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் அவ்வாணையை நீக்கி, வழக்கைத் தொடரச் செய்தது.

மன்னிப்பு தீங்குற்றவருக்கே உரிய அறம். அதனைத் தந்தையாயினும் பிறரொருவர் ஈந்துவிட இயலாது. ஊரின் அழுத்தமும் வறுமையும் வற்புறுத்திப் பெற்ற இசைவைப் பொறுமை எனப் போற்றுதலும் பொருந்தாது. தீங்குற்றவரே மனமார மன்னித்தாலும், பிற குழந்தைகளைக் காக்கும் கடமை அரசை விட்டு நீங்குவதில்லை.

நிறைவுரை

குற்றம் சாட்டப்பட்டவரைக் கேளாமையும் குற்றம் சாட்டியவரைக் கேளாமையும் ஒரே அறப்பிழையின் இரு கூறுகள் என்பது மேற்கண்ட ஆய்வால் பெறப்படுகிறது. எதிர்த்தரப்பின் சொல்லை முற்றும் மெய்யெனக் கொண்டு பார்த்த பின்னும் வழக்குக்கு அடிப்படை இல்லாதபோது இரத்துச் செய்தல் நீதியாகும். அச்சொல்லை நம்ப மனம் ஒப்பவில்லை என்பதற்காகச் செய்தல் ஓலையைக் கிழித்தலாகும். வெண்ணெய்நல்லூர் அவையினரும் முதியவரை நம்பியவர்கள் அல்லர். எனினும் மூல ஓலையைக் காட்டுமாறு கேட்டனர்.