மடியில் கனம்

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பாள் என் பாட்டி. வெகுகாலம் நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு சாக்லேட் கம்பெனியின் வழக்கைப் பற்றிப் படித்த பிறகு அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டுவிட்டது. கதை எழுதுகிறவனுக்குக் கோர்ட்டு விவகாரத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். மனிதனுடைய பயம் எங்கே இருக்கிறதோ, அங்கே எனக்கும் வேலை இருக்கிறது.

அமெரிக்காவிலுள்ள மார்ஸ் கம்பெனி, தன் தகவல்களைச் சேமித்து வைக்க ஆரக்கிள் கம்பெனியின் மென்பொருளை உபயோகித்து வந்தது. மென்பொருளை விலைக்கு வாங்குவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் வாங்குவது உபயோகிக்கும் அனுமதியை மட்டுமே. இத்தனை இயந்திரம், இத்தனை பேர் என்று அதற்கு அளவுண்டு. அந்த அளவு மீறப்படுகிறதா என்று, 45 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துத் தணிக்கை செய்யலாம் என்பது ஆரக்கிள் தன் ஒப்பந்தங்களில் எழுதி வைக்கும் நிபந்தனை.

அதில் தவறென்ன? ஒன்றுமில்லை. ஐந்து பேருக்குப் பணம் கட்டி ஐம்பது பேர் உபயோகித்தால் அது திருட்டுத்தான். என் நாவலொன்றை என்னைக் கேளாமலே அச்சிட்டு விற்ற புண்ணியவான் ஒருவர் உண்டு. ஆகவே இந்த விஷயத்தில் எனக்குத் தாட்சண்யம் கிடையாது.

ஆனால் மார்ஸ் தன் மனுவில் சொன்ன கதை வேறு. இப்போதெல்லாம் மென்பொருள் ஓர் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடப்பதில்லை. விஎம்வேர் என்ற ஏற்பாட்டினால் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாற முடியும். எங்கே நிறுவப்பட்டிருக்கிறதோ, எங்கே ஓடுகிறதோ, அங்கேதான் கட்டணம் என்றது மார்ஸ். எங்கெல்லாம் ஓடக்கூடுமோ அங்கெல்லாம் கட்டணம் என்பது ஆரக்கிளின் கட்சி. அதனால் தன் மென்பொருளே இல்லாத சர்வர்களைப் பற்றியும் விவரம் கேட்டது. மார்ஸ் கொடுத்த காகிதங்கள் 2,33,089 பக்கம்! அதுவும் போதவில்லை. ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், அனுமதியை ரத்துச் செய்வோம் என்று கடிதம் வந்தது.

ஒரு மணி நேரத்துக்கு வாடகைச் சைக்கிள் எடுத்தவனிடம், "நாள் முழுவதும் மிதிக்க உன் காலில் தெம்பிருக்கிறதே, நாள் வாடகையை வை" என்றால் அவன் என்ன செய்வான்? செய்ததற்குக் கணக்குக் காட்டலாம். செய்யக்கூடியதற்கு எப்படிக் காட்டுவது? பாட்டியின் பழமொழி இங்கேதான் தடுமாறுகிறது. மடியைச் சோதிக்க வந்தவனே எது கனம் என்பதையும் தீர்மானிப்பானானால், வெறும் மடிக்காரனும் நடுங்கத்தானே வேண்டும்?

2000-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் எர்னி பால் என்ற கித்தார் தந்திக் கம்பெனிக்குள் மார்ஷல்கள் நுழைந்து கம்ப்யூட்டர்களைச் சோதித்தார்கள். அவர்கள் கையில் கோர்ட்டு உத்தரவு இருந்தது. தணிக்கைக்காரர் கையில் இருப்பதோ நாம் கையெழுத்துப் போட்ட காகிதம் மட்டுமே. அந்தக் காகிதத்துக்கு அப்பால் அவர் ஒரு விருந்தாளி. ஆனாலும், நாளைக் காலையில் உன் வியாபாரம் நின்றுவிடும் என்று சொல்லக்கூடிய விருந்தாளியை யார் வாசலில் நிறுத்துகிறார்கள்?

மார்ஸ் நிறுத்திப் பார்த்தது. இந்த அதிகாரம் எதுவரை என்று கேட்டு, 2015 அக்டோபரில் சான்பிரான்சிஸ்கோ கோர்ட்டுக்குப் போயிற்று. டிசம்பரில் இரு தரப்பும் சமரசமாகி, வழக்கு முடிந்தது. எல்லையைச் சொல்லவேண்டிய அவசியமே நீதிபதிக்கு வரவில்லை. மார்ஸாவது பெரிய இடம். வக்கீல் வைத்துக் கேட்டது. இருபது பேர் வேலை செய்யும் சிறு கம்பெனியின் முதலாளி அப்படியொரு கடிதத்தைப் பிரித்தால், முழுவதும் படிக்குமுன்பே கடைசிப் பக்கத்தைப் புரட்டி, தொகை எவ்வளவு என்றுதான் பார்ப்பார்.