சிக்கனமும் சொகுசும்

சிக்கனம் அறம் என்றும், சொகுசு அதற்கு இழுக்கு என்றும் மாணவர்க்குக் கற்பிக்கும் வழக்கம் எம்மைப் போன்ற ஆசிரியர்களிடம் உண்டு. சேமிப்பைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் எறும்பையும் தேனீயையும் துணைக்கழைக்காத பிள்ளை இல்லை. நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். மகிழுந்து ஒன்று வாங்க நேர்ந்தபோதுதான் அவ்வெண்ணம் ஆட்டங்கண்டது.

ஆசிரியர்ப் பயிற்சி முடித்த புதிதில் நான் வாங்கியது கஞ்சில். 1994ஆம் ஆண்டில் வெளிவந்த, 660 சிசி இயந்திரம் கொண்ட அச்சிறு வண்டி, மோட்டார் சைக்கிளில் நனைந்து சென்ற எத்தனையோ குடும்பங்களுக்குக் கூரையாயிற்று. அதற்குப் பின்னரும் சிறு வண்டிகளையே வாங்கினேன். மூட்டுவலியால் வருந்தும் என் தாயாரை அத்தகைய வண்டியொன்றில் கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு, ஏறத்தாழ 200 கிலோமீட்டர், அழைத்துச் சென்றேன். இறங்கிய பின் அவர் காலை நீட்டி நிமிர நெடுநேரம் பிடித்தது. குறை ஏதும் கூறவில்லை. "வண்டி நல்லாத்தான் இருக்கு, ஐயா" என்றார். நான் மிச்சப்படுத்திய எண்ணெய்க்கு அவருடைய முழங்கால் விலை கொடுத்திருந்தது.

பெரிய செடானில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி மிகுதி. ஆதலால் மேடு பள்ளங்களில் வண்டி முன்னும் பின்னுமாகத் தூக்கிப் போடுவது குறைவு. எண்ணெய்ச் செலவு கூடும் என்பது உண்மையே. ஆயினும் அது எங்கும் ஒரே அளவினதன்று. நெடுஞ்சாலையில் சீராகச் செல்கையில் எடையைவிடக் காற்றே பெரும் பகை. வேகத்தை 80இலிருந்து 110க்கு உயர்த்தினால் காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழ 1.9 மடங்காகிறது; இவ்விதி எவ்வண்டிக்கும் பொது. நகர நெரிசலிலோ நிலைமை வேறு. ஒவ்வொரு விளக்கிலும் நின்று புறப்படுகையில், எடை இரு மடங்கானால் பிரேக்கில் வெப்பமாக வீணாகும் ஆற்றலும் இரு மடங்காகும். ஆகவே ஈப்போப் பயணத்துக்குப் பெரிய வண்டி வாங்கிவிட்டு, நாள்தோறும் பள்ளிக்கு அதில் தனியே செல்பவனே மிகுதியாக வீணடிக்கிறான். அவன் வேறு யாருமல்லன்; நான்தான்!

"என் பணம், என் எண்ணெய்" என்று வாதிடவும் இடமில்லை. 2025 செப்டம்பர் இறுதியில் புடி95 திட்டம் தொடங்கியபோது, மாதம் 300 லிட்டர் வரை லிட்டருக்கு 1 வெள்ளி 99 காசு என விலை வரையறுக்கப்பட்டது. எஞ்சியதை அரசாங்கம் ஏற்றது. மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்லும் தொழிலாளிக்கும் அதே 300 லிட்டர்தான். ஆனால் அதில் சிறு பகுதியைத்தான் அவரால் செலவிட இயலும். பெரிய வண்டிக்காரனோ பெரும்பகுதியையும் குடித்துத் தீர்ப்பான். அளவு சமம், பயன் சமமா?

தலைமையாசிரியருக்குச் சிறு வண்டி அழகில்லை என்றார் நண்பர் ஒருவர். அதற்கு மறுமொழி கூறுவதும் வீண் என்று விட்டுவிட்டேன்.

இறுதியில் தாயாரை முன்னிட்டுப் பெரிய வண்டியையே வாங்கினேன். எங்கள் குடியிருப்பில் வாழும் ஆசிரியைகள் இருவர் காலையில் என்னுடன் வருகின்றனர். வண்டி இரு மடங்கு எண்ணெய் குடித்தாலும், மூவர் செல்கையில் ஒருவர் பங்கு, நான் தனியே சிறு வண்டியில் சென்ற கணக்கைவிடக் குறைவே. அவர்கள் விடுப்பெடுக்கும் நாள்களில் மட்டும் சாலை விளக்கருகே நிற்கையில், பக்கத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிள்காரரின் முகத்தைப் பார்க்க எனக்குச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது.