பாதைக்கும் ஒரு ஹக்கு உண்டு



மதீனாவில் பனூ ஸலிமா என்றொரு கூட்டத்தார் இருந்தார்கள். அவர்களுடைய வீடுகள் நபிகளாரின் பள்ளிவாசலிலிருந்து தூரமாக இருந்தன. பள்ளியைச் சுற்றிச் சில மனைகள் காலியானபோது, அங்கே குடிபெயர்ந்து விடலாமென்று எண்ணினார்கள். செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியது. இருக்கும் வீடுகளிலேயே இருக்குமாறும், அவர்களுடைய காலடிகள் எழுதப்படுவதாகவும் நாயகமவர்கள் சொல்லியனுப்பினார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் வரும் ஹதீஸ் இது.

பள்ளிக்கு நடந்து வருவதன் நன்மையைக் குறித்துப் பயான் செய்யும்போதெல்லாம் இதை நாம் எடுத்துச் சொல்கிறோம். ஆயின், நடப்பதற்குப் பாதை இருக்கிறதா என்று நாம் ஒரு நாளும் கேட்டதில்லை. காலடிக்கு நன்மை உண்டென்றால், அந்தக் காலடி விழ வேண்டிய இடத்தை அடைப்பவனுக்கு என்ன எழுதப்படும்?

நம் ஊர்களின் நிலையைப் பாருங்கள். ஒவ்வொரு தெருவிலும் சிமெண்டுச் சாலை போட்டிருப்பார்கள். தெருவும் தெருவும் சேருமிடத்தில்தான் பாதை அறுந்து போகும். வாய்க்காலின் மேல் பலகைக் கல் உடைந்து கிடக்கும். பெரிய சாலையைக் கடக்க வேண்டுமென்றால், நடுத்தடுப்பில் இடைவெளி தேடி நெடுந்தூரம் போக வேண்டும். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசச் சைக்கிள் கொடுக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் அந்தச் சைக்கிளை ஓட்டிக்கொண்டு பிள்ளை லாரிகளுக்கு நடுவேதான் போகிறான். அவன் திரும்பி வரும்வரை தாய் வாசற்படியில் நின்றுகொண்டிருக்கிறாள்.

சென்னை மாநகராட்சி 2014-ஆம் ஆண்டிலேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முதலிடம் கொடுப்பதென்று ஒரு கொள்கை வகுத்தது. நடைபாதை என்பது உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பாதை கேட்பது யாசகமல்ல, ஹக்கு. ஆகவே நகராட்சியிடமும் ஊராட்சியிடமும் நாம் கேட்கத்தான் வேண்டும்.

அப்படித்தான் நாமும் கேட்கப் போனோம். நாம் பணிபுரியும் ஊரில், பள்ளிவாசல் தெருவையும் பள்ளிக்கூடத்தையும் இணைக்கும் சந்தொன்று உண்டு. அதன் வாய்க்கால் மேலிருந்த சிறு பாலம் உடைந்து மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. ஜமாஅத்தார் சிலரை அழைத்துக்கொண்டு வார்டு உறுப்பினரிடம் மனுக் கொடுத்தோம். அவர் நம் சமுதாயத்தவரல்லர். மனுவை முழுதும் வாசித்துவிட்டு மரியாதையாகவே கேட்டார்: "பாலத்தைக் கட்டித் தரச் சொல்கிறேன் ஹஜரத். ஆனால் சந்தின் வாயில் உங்கள் மதரஸாவின் படிக்கட்டு நாலடி வெளியே நிற்கிறதே, அதை என்ன செய்யட்டும்?"

நமக்கு வாயடைத்துப் போயிற்று. பத்து ஆண்டுகளாக அந்தப் படிக்கட்டில் ஏறியிறங்கியவர் நாம். ஈமானுடைய எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகளில், பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஒன்று என்ற ஹதீஸை அதே கட்டிடத்தில் உட்கார்ந்துதான் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வந்தோம்.

பாதையின் அகலத்தில் தகராறு வந்தால் ஏழு முழம் விட வேண்டுமென்று நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். ஏழு முழமென்பது ஏறக்குறைய பத்தரை அடி. நம் சந்தை அளந்து பார்த்தோம். படிக்கட்டுப் போக மிஞ்சியது ஐந்தடி. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் அந்த ஐந்தடியிலும் மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். அச்சமயம் ஒரு ஜனாஸா வந்தால் சந்தூக்கைத் தோளில் கொண்டு போக வழியில்லை.

நம் முன்னோர் இப்படி இருக்கவில்லை. காயல்பட்டினத்தில் வீடுகளுக்கிடையே பெண்கள் நடப்பதற்கென்றே முடுக்குகள் விட்டார்கள். தம் சொந்த மனையில் இடம் குறைவதை அவர்கள் பெரிதாக நினைக்கவில்லை. நாமோ ஒரு சுவர் எழுப்பும்போது அரை முழமாவது தெருப்பக்கம் தள்ளிப் போடப் பார்க்கிறோம்!

"இனி எந்த முகத்தோடு மனுக் கொடுப்பது, விட்டுவிடுவோம்" என்றார்கள் சில சகோதரர்கள். அது சரியல்ல. நம்முடைய தவறு நகராட்சியின் கடனைத் தள்ளுபடி செய்துவிடாது. கிராமத்துச் சகோதரர்களுக்கோ இன்னும் எளிது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகிறது. அந்நாட்களில் கடையைச் சற்று நேரம் அடைத்துவிட்டுப் போய் எழுந்து பேசினால் என்ன?

முதவல்லி சாஹிபுக்கு முதலில் மனமில்லை. அவருடைய தகப்பனார் கட்டிய படிக்கட்டு அது. ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு அவரே சந்தின் வாயில் வெகுநேரம் நின்று பார்த்திருக்கிறார். மறுநாள் கொத்தனாரை அழைத்து வந்தார். இப்போது படிகள் உள்பக்கமாக ஏறுகின்றன. ஜும்ஆவுக்கு வரும் வண்டிகளை ஈத்காத் திடலில் நிறுத்துமாறு சொல்லியிருக்கிறோம். பாதிப்பேர் கேட்கிறார்கள்.

பாலம் இன்னும் வரவில்லை. மனுவை மறுபடியும் கொடுத்திருக்கிறோம். இம்முறை பெண்களும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தச் சந்தில் அதிகம் நடப்பவர்கள் அவர்கள்தாமே.